எக்செல்ல போர்முலா அடிக்கேக்க வாற சில்லெடுப்புகள்: முதல் அடியில இருந்து கடைசி மட்டும்

போன வருசம் எங்கட சனசமூக நிலையத்தின்ர ஆண்டுப் பொதுக்கூட்டத்தில கணக்கு வாசிச்சது நான்தான். லப்ரொப்பைத் திறந்து வைச்சு, மொத்த வரவு இவ்வளவு எண்டு சொல்லி வாய் மூடேல்ல, முன்வரிசையில இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒராள் தன்ர சீஆர் கொப்பியில இருந்து தலையை நிமித்தாமலே "தம்பி, இருபத்தையாயிரம் குறையுது" எண்டார். நான் விடுவனே, "இல்லை சேர், இது கொம்பியூட்டர் கூட்டினது" எண்டன். சனம் எல்லாம் சிரிக்குது. பேந்து வீட்டை வந்து ஒவ்வொரு செல்லாப் பார்த்தால், வெளிநாட்டில இருந்து வந்த ஒரு அன்பளிப்பை என்னோட நிக்கிற பெடியன் 25,000/= எண்டு அடிச்சிருக்கிறான். பற்றுச்சீட்டில எழுதுற மாதிரியே. அந்தக் கோதாரி விழுந்த சமன் அடையாளம் கடைசியில இருந்ததால எக்செல்லுக்கு அது காசு இல்லை, வெறும் எழுத்து. எழுத்தைக் கூட்டாமல் அது பேசாமல் தாண்டிப் போயிற்றுது, ஒரு சத்தமும் இல்லை.

அண்டைக்குத்தான் எனக்கு வடிவா விளங்கினது, நாங்கள் அடிக்கிறது ஒண்டு, என்ரரைத் தட்டின உடன அது விளங்கிக்கொள்ளுறது இன்னொண்டு, ஸ்கிரீன்ல காட்டுறது மூண்டாவது ஒண்டு. இந்த மூண்டும் ஒண்டா இருக்குதோ எண்டு பார்க்கிறதுதான் முழு வேலையும். அதுக்குப் பிறகு ஹார்ட்வெயார் கடைக் கணக்கு, கோயில் திருவிழாக் கணக்கு, காணிக் கணக்கு எண்டு கனக்கச் செய்து அடிபட்டுப் படிச்சதைத்தான் கீழ எழுதுறன்.

ஒரு விசயம் முதலே சொல்லிப்போடுறன், போர்முலாக்களை இங்க வாசிக்கச் சுகமா தமிழ் எழுத்திலதான் போட்டிருக்கிறன், ஏ2, பி2, சம், இஃப் எண்டு. நீங்கள் அடிக்கேக்க இங்கிலிஸ் எழுத்திலதான் அடிக்கோணும், தமிழ்க் கீபோர்ட் ஓனில இருந்தால் முதல் அதை மாத்துங்கோ.

1. அடிக்க முதல் செல்லின்ர போர்மற்றைப் பாருங்கோ

எல்லாரும் நேர போர்முலாவுக்குப் போவினம். நான் சொல்லுறன், முதல் வேலை அது இல்லை. இலக்கம் மாதிரி இருக்கிற ஆனா கூட்டிக் கழிக்காத சாமான்கள் எது எது எண்டு முதல் பிரியுங்கோ: போன் நம்பர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், வீட்டு இலக்கம். இதுகளுக்கான கொலம்களை முழுசாத் தெரிஞ்சு போர்மற்றை ரெக்ஸ்ற் எண்டு மாத்திப்போட்டுத்தான் அடிக்கத் தொடங்கோணும்.

ஏன் எண்டால், போன் நம்பரை 077 எண்டு தொடங்கி அடிச்சால் முன்னுக்கு இருக்கிற 0 போயிடும். +94 எண்டு தொடங்கி இடைவெளி விடாமல் அடிச்சால் + போயிடும். அடையாள அட்டை இன்னும் மோசம். பழைய அட்டையில 9 இலக்கமும் கடைசியில ஒரு இங்கிலிஸ் எழுத்தும் இருந்தது, அந்த எழுத்து இருந்ததால எக்செல் அதைத் தொடாது. 2016ல இருந்து வாற புது அட்டையில 12 இலக்கம், எழுத்து இல்லை. சாதாரண போர்மற்றில எக்செல் 11 இலக்கம் மட்டும்தான் முழுசாக் காட்டும், 12 வந்தால் 1.98E+11 எண்ட மாதிரி ஏதோ விஞ்ஞானப் பாடம் மாதிரிக் காட்டத் தொடங்கிடும். இதாவது பரவாயில்லை, உள்ளுக்க இலக்கம் சரியா இருக்கும், போர்மற்றை மாத்தினால் திரும்ப வரும். ஆனா 16 இலக்கக் காட் நம்பர் மாதிரி ஒண்டை அடிச்சால் கதை வேற, எக்செல் 15 இலக்கம்தான் ஞாபகம் வைச்சிருக்கும், பதினாறாவதை 0 ஆக்கிப்போடும். அது போனால் போனதுதான், ஆராலயும் திருப்பி எடுக்கேலாது.

வீட்டு இலக்கம் 12/4 எண்டு அடிச்சுப் பாருங்கோ. திகதி ஆயிடும். உங்கட கொம்பியூட்டர் எங்கட முறையில இருந்தால் ஏப்ரல் 12, அமெரிக்க முறையில இருந்தால் டிசம்பர் 4. ஆக்கள் என்ன செய்வினம் எண்டால், ஐயோ எண்டு பதறி போர்மற்றை ரெக்ஸ்ற்றுக்கு மாத்துவினம், உடன செல்லில 45759 எண்டு ஒண்டு நிக்கும் (2025ல அடிச்சிருந்தால்). ஏனெண்டால் எக்செல்லுக்குத் திகதி எண்டது 1900 ஜனவரி 1ல இருந்து எண்ணிக்கொண்டு வாற நாள் இலக்கம், வேற ஒண்டும் இல்லை. 12/4 எண்டு நீங்கள் அடிச்சதின்ர தடயமே உள்ளுக்க இல்லை. திரும்ப அடிக்கிறதுதான் வழி. அவசரத்துக்கு ஒரு செல்லில மட்டும் தடுக்கோணும் எண்டால் முன்னுக்கு ஒரு ஒற்றை மேற்கோள் குறி போட்டு அடியுங்கோ, '12/4 எண்டு. அந்தக் குறி செல்லில தெரியாது, பிரின்ற்றிலயும் வராது.

இது எங்கட ஊர்ப் பிரச்சினை மட்டும் எண்டு நினைக்காதேங்கோ. மரபணு ஆராய்ச்சி செய்யிற விஞ்ஞானிகளே மார்ச்1, செப்ற்2 எண்டு மரபணுப் பேர் அடிக்க அது திகதியாகி, கடைசியில 2020ல மரபணுக்களின்ர பேரையே மாத்தினவை, மார்ச்1 இப்ப மார்ச்எஃப்1. எக்செல்லைத் திருத்துறதை விட மனுசன்ர மரபணுவின்ர பேரை மாத்துறது லேசு எண்டு முடிவெடுத்த மாதிரி. 2023ல தான் மைக்ரோசொஃப்ட், எழுத்தும் இலக்கமும் சேர்ந்ததைத் திகதி ஆக்கிறதையும் முன் 0 ஐத் தூக்கிறதையும் நிப்பாட்டிற ஒரு தெரிவை ஒப்ஷன்ஸ்ல டேற்றா பகுதிக்குள்ள வைச்சது. உங்களிட்டப் புது வேர்ஷன் இருந்தால் போய்ப் பாருங்கோ.

2. சமன் அடையாளம், அதின்ர அண்ணன் தம்பிமார்

போர்முலா = இல தொடங்கோணும் எண்டு எல்லாருக்கும் தெரியும். ஆனா + அல்லது - இல தொடங்கினாலும் எக்செல் அதைப் போர்முலா எண்டுதான் எடுக்கும். @ போட்டு ஒரு பங்ஷன்ர (சம், இஃப் மாதிரி எக்செல்லுக்குள்ளயே இருக்கிற கணக்குச் சொல்லின்ர) பேரை அடிச்சாலும் எடுக்கும். இது 1983ல வந்த லோற்றஸ் 1-2-3 எண்ட பழைய மென்பொருளின்ர பழக்கம், அதில பழகின ஆக்கள் எக்செல்லுக்கு மாறேக்க கஷ்டப்படக்கூடாது எண்டு விட்டு வைச்சது இண்டைக்கும் கிடக்கு. நம்பர் பாட்டில இருந்து ஒற்றைக் கையால +25+30+45 எண்டு கெதியாத் தட்டுறதுக்கு நல்ல வசதி, எங்கட கடை முதலாளி அப்பிடித்தான் அடிக்கிறவர்.

வில்லங்கம் எங்க எண்டால் பட்டியல் எழுதேக்க. "-சீமெந்து", "-கம்பி" எண்டு கோடு போட்டுச் சாமான் பட்டியல் அடிக்கப் போனால் அது போர்முலா எண்டு நினைச்சுப் பிழை காட்டும். முன்னுக்கு ஒற்றைக் குறி போடுங்கோ, இல்லாட்டி கோடே வேண்டாம்.

மற்றப் பக்கமும் நடக்கும், நீங்கள் வடிவா =சம்(பி2:பி31) எண்டு அடிச்சும் விடை வராமல் அடிச்ச எழுத்தே அப்பிடியே நிக்கும். ரெண்டு காரணம்தான் பெரும்பாலும். ஒண்டு, = க்கு முன்னால தெரியாமல் ஒரு இடைவெளி விழுந்திருக்கும், வாட்ஸப்பில இருந்து கொப்பி பண்ணினால் கனக்க நடக்கிறது. மற்றது, அந்தச் செல் முதலே ரெக்ஸ்ற் போர்மற்றில இருந்திருக்கும் (மேல நான் மாத்தச் சொன்ன கொலத்துக்குள்ள போர்முலா போட்டால் இதுதான் நடக்கும்). போர்மற்றை ஜெனரல் எண்டு மாத்தினால் மட்டும் காணாது, மாத்திப்போட்டு எஃப்2 தட்டி என்ரர் தட்டோணும், அப்பதான் அது திரும்ப வாசிக்கும். கனபேர் இந்த ரெண்டாவது வேலையை விட்டுட்டு எக்செல் பழுது எண்டுவினம்.

சீற் முழுக்க எல்லாச் செல்லிலயும் விடைக்குப் பதிலா போர்முலா தெரிஞ்சால் பயப்பிடாதேங்கோ, ஆரோ தெரியாமல் கொன்ரோலோட 1 க்கு இடப்பக்கம் இருக்கிற கீயைத் தட்டிப்போட்டினம். திரும்ப ஒருக்காத் தட்டினால் சரி.

பங்ஷன் பேர் சரியா அடிச்சனோ எண்டு பார்க்க ஒரு சின்ன வழி: எப்பவும் சின்ன எழுத்திலயே அடியுங்கோ. பேர் சரி எண்டால் என்ரர் தட்டின உடன எக்செல் அதைத் தானே பெரிய எழுத்தாக்கும். சின்ன எழுத்திலயே நிண்டால் நீங்கள் எழுத்துப் பிழை விட்டிருக்கிறியள், இல்லாட்டி உங்கட வேர்ஷன்ல அந்தப் பங்ஷன் இல்லை. எக்ஸ்லுக்கப் எண்ட புதுசு 2019ல தான் வெளிவந்தது, 2010, 2016 போட்டு வைச்சிருக்கிற இடங்களில அதை அடிச்சால் #நேம்? எண்டுதான் வரும், அதுக்குக் கொம்பியூட்டர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை.

3. அம்புக்குறிக் கீ செய்யிற குழப்படி

இதைப்பற்றி ஆரும் சொல்லித் தாறேல்ல, ஆனா தினம் நாலு தரம் ஆக்களைக் கடுப்பேத்துறது இதுதான். நீங்கள் =பி2*சி2 எண்டு அடிச்சுக்கொண்டு போறியள், நடுவில ஒரு எழுத்துப் பிழை, பின்னுக்குப் போய்த் திருத்துவம் எண்டு இடப்பக்க அம்பைத் தட்டுறியள். கேர்சர் பின்னுக்குப் போகாது. பக்கத்துச் செல்லைச் சுத்திப் புள்ளிக் கோடு ஓடும், போர்முலாவுக்குள்ள அந்தச் செல்லின்ர பேர் புதுசா ஏறி நிக்கும். இன்னும் தட்ட இன்னும் மாறும். மவுசால வேற இடத்தில கிளிக் பண்ணித் தப்புவம் எண்டால் அந்தச் செல்லும் உள்ளுக்க வந்து ஏறும்.

கீழ இடப்பக்க மூலையில, ஸ்கிரீன்ர அடியில, ஒரு சின்னச் சொல் நிக்கும், என்ரர், எடிற், பொயின்ற் எண்டு மாறிக்கொண்டிருக்கும். புதுசா அடிக்கேக்க அது என்ரர் நிலை, அம்பைத் தட்டினால் பொயின்ற் நிலைக்குப் போய் செல்லுகளைத் தெரியத் தொடங்கும். எஃப்2 ஐத் தட்டினால் எடிற் நிலைக்கு வரும், அப்ப அம்பு எழுத்துக்குள்ள போய் வரும். திரும்ப எஃப்2, திரும்ப மாறும். அவ்வளவுதான். லப்ரொப் எண்டால் எஃப்என் கீயையும் சேர்த்து அமத்த வேண்டி வரும். குழம்பிப் போனால் எஸ்கேப் தட்டி வெளிய வாங்கோ, பழைய நிலைக்கு வந்திடும். என்ரர் தட்டி வெளிய வரப் பார்க்காதேங்கோ, குழப்பத்தையும் சேர்த்து அது சேமிச்சுப்போடும்.

4. இலக்கத்தை இலக்கமா மட்டும் அடிக்கிறது

என்ர 25,000/= கதைக்கு வாறன். எங்கட ஆக்கள் காசு எண்டால் /= போடாமல் எழுதமாட்டினம், ரூபா எண்டு முன்னுக்கும் போடுவினம், 2 பைக்கற், 5 கிலோ, 10 அடி எண்டும் அடிப்பினம். இதெல்லாம் எக்செல்லுக்கு எழுத்து. இதில இருக்கிற நஞ்சு என்னெண்டால், சம் பங்ஷன் எழுத்தைக் கண்டால் பிழை சொல்லாது, தாண்டிப் போகும். அதே ரெண்டு செல்லையும் =பி2+பி3 எண்டு கூட்டினால் #வேல்யூ! எண்டு கத்தும். கத்துறது நல்லது, பேசாமல் விடுறதுதான் ஆபத்து.

/= கட்டாயம் வேணும், தலைவருக்கு அது இல்லாட்டிச் சரிவராது எண்டால் அதை அடிக்காமல் காட்டப் பண்ணலாம். கொலத்தைத் தெரிஞ்சு, கொன்ரோலும் 1 உம் தட்டி, கஸ்ரம் (Custom) எண்ட இடத்தில #,##0"/=" எண்டு போடுங்கோ. பேந்து நீங்கள் 25000 எண்டு மட்டும் அடிக்க, அது 25,000/= எண்டு காட்டும், உள்ளுக்க இலக்கம் இலக்கமாவே இருக்கும். 5 கிலோவுக்கும் இதே வழி, மேற்கோளுக்குள்ள கிலோ எண்டு போட்டால் சரி.

எழுத்து எது இலக்கம் எது எண்டு கண்ணால பிடிக்கிறது லேசு, நீங்கள் அலைன்மென்ற்றில கை வைக்காட்டி இலக்கம் வலப்பக்கம் ஒட்டி நிக்கும், எழுத்து இடப்பக்கம் நிக்கும். அதாலதான் நான் ஆரும் கொலத்தைச் சென்ரர் பண்ணினால் ஏசுறனான், வடிவா இருக்கும்தான், ஆனா பிழையை மறைச்சுப்போடும்.

இணையத்தில இருந்து, பேங்க் ஸ்ரேற்மென்ற்றில இருந்து கொப்பி பண்ணின இலக்கம் எண்டால் பார்க்க இலக்கமாவே இருக்கும், ஆனா பின்னுக்கு ஒரு கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். ட்ரிம் எண்ட பங்ஷன் சாதாரண இடைவெளியைத்தான் வெட்டும், இது 160ஆம் இலக்க இடைவெளி, அதுக்கு ட்ரிம் கை வைக்காது. =சப்ஸ்ரிரியூற்(பி2,சார்(160),"")*1 எண்டு பக்கத்துக் கொலத்தில போட்டு இழுத்தால் இலக்கமா வரும்.

5. புள்ளி வைச்ச இலக்கங்கள்: பரப்பும் மணித்தியாலமும்

எங்கட பக்கத்துக்கே உரிய ஒரு பிழை இது, இங்கிலிஸ் வழிகாட்டி ஒண்டிலயும் பார்க்க ஏலாது. போன தையில ஒரு அன்ரி மூண்டு பிள்ளையளுக்கும் காணி பிரிக்கிறதுக்கு உறுதியளைப் பார்த்து ஒரு சீற் அடிச்சுத் தரச் சொன்னவ. அவவே முதல் அடிச்சுக்கொண்டு வந்திருந்தா, 3 பரப்பு 12 குழியை 3.12 எண்டும், 2 பரப்பு 10 குழியை 2.10 எண்டும். கூட்டினால் எக்செல் 5.22 எண்டுது. "ஐஞ்சு பரப்பு இருபத்திரண்டு குழி" எண்டு அவ வாசிக்கிறா. மேட்டுக் காணியில, அதுதான் உறுதியில வரகுப் பரப்பு எண்டு போட்டிருக்கிறதில, 18 குழி ஒரு பரப்பு எல்லே, 22 குழி எண்டு ஒண்டு எப்பிடி வரும்? சரியான கணக்கு 6 பரப்பு 4 குழி. அதை விட மோசம், 2.10 எண்டு அவ அடிச்சதை எக்செல் 2.1 எண்டுதான் காட்டுது, 10 குழி 1 குழியாப் போச்சு. ஒம்பது குழி காணி ஒரு புள்ளிக்குள்ள போயிற்றுது, உதுக்கு எங்கட ஊரில கோட்டில வழக்கே நடக்கும்.

வழி இதுதான். பரப்புக்கு ஒரு கொலம், குழிக்கு ஒரு கொலம், பி யும் சி யும் எண்டு வைப்பம். டி2 வில =பி2*18+சி2 எண்டு போட்டால் எல்லாம் குழியாகும், முதல் காணி 66, ரெண்டாவது 46. கீழ டி4 இல கூட்டினால் 112. அதைத் திரும்பப் பரப்பாக்க =இன்ட்(டி4/18), மிச்சக் குழிக்கு =மொட்(டி4,18). 6 உம் 4 உம் வரும். வயல் காணி, நெற்பரப்பு எண்டால் 12 குழிதான் ஒரு பரப்பு, ஆனபடியால் ரெண்டு விதக் காணியும் கலந்திருந்தால் 18 ஐப் போர்முலாவுக்குள்ள எழுதாமல் ஈ எண்ட கொலத்தில ஒவ்வொரு காணிக்கும் 18 அல்லது 12 எண்டு போட்டு அதால பெருக்குங்கோ. ஆனா வரகுக் குழியையும் நெற்குழியையும் ஒண்டாக் கூட்டவேண்டாம், வேற வேறயாத்தான் கூட்டோணும்.

நேரமும் இதே மாதிரித்தான். நாங்கள் எட்டரை மணியை 8.30 எண்டு எழுதிப் பழகின ஆக்கள். எக்செல்ல 8.30 எண்டால் எட்டுத் தசம் மூண்டு. நேரம் எண்டால் 8:30 எண்டு ரெண்டு புள்ளி போடோணும். அப்பிடிப் போட்டாலும் வேலை முடியேல்ல. மேசன் ஒராள் 8:00 க்கு வந்து 16:30 க்குப் போறார், கழிச்சால் 8:30 வருது, சரி. மணிக்கு 300 ரூபா எண்டு அதை 300 ஆல பெருக்கினால் 106.25 எண்டு வரும். மனுசன் அடிக்க வருவான். காரணம், எக்செல்லுக்கு ஒரு முழு நாள்தான் 1, எட்டரை மணித்தியாலம் எண்டது 0.354 சொச்சம். ஆனபடியால் 24 ஆலயும் பெருக்கோணும்: =(சி2-பி2)*24*300, விடை 2550. செல்லின்ர போர்மற் நேரத்தில நிண்டால் அதை நம்பருக்கு மாத்துங்கோ. கிழமை முழுக்கச் செய்த நேரத்தைக் கூட்டேக்க 24 தாண்டினால் திரும்ப 0 இல இருந்து காட்டும், 42 மணித்தியாலம் 18 எண்டு நிக்கும். கஸ்ரம் போர்மற்றில மணியைக் குறிக்கிற எச் எழுத்தைச் சதுர அடைப்புக்குள்ள போட்டால் முழுசாக் காட்டும்.

6. கீழ இழுக்கேக்க

ஒரு போர்முலாவை அடிச்சுக் கீழ இழுத்தால் பி2 பி3 ஆகும், பி3 பி4 ஆகும், அது வேணும். ஆனா எல்லா வரிக்கும் பொதுவா ஒரு செல் இருந்தால், உதாரணத்துக்கு கழிவு வீதம் எஃப்1 இல இருந்தால், அதுவும் சேர்ந்து எஃப்2, எஃப்3 எண்டு இறங்கி வெறும் செல்லுக்குப் போயிடும், விடை எல்லாம் 0. எஃப்1 எண்டு அடிச்ச கையோட எஃப்4 கீயை ஒருக்காத் தட்டுங்கோ, $எஃப்$1 எண்டு பூட்டுப் போடும். இதில பெரிசாச் சொல்ல ஒண்டும் இல்லை, ரெண்டு நாள் செய்தால் கை பழகிடும்.

மொத்தத்தைப் போடுற செல்லைத் தெரியாமல் கூட்டுற வரிசைக்குள்ளயே சேர்த்தால், பி32 இல நிண்டு =சம்(பி2:பி32) எண்டு அடிச்சால், தன்னையே தான் கூட்டச் சொன்ன மாதிரி, ஒரு எச்சரிக்கை காட்டி 0 எண்டு நிக்கும். அந்த எச்சரிக்கையை வாசிக்காமல் ஓகே தட்டுற ஆக்கள்தான் கூட.

7. வெளிநாட்டில இருந்து வாற போர்முலா

எங்கட ஊரில இது இல்லாத வீடு இல்லை. பிரான்ஸில இருக்கிற மச்சான் திருவிழாக் கணக்குக்கு ஒரு போர்முலா வாட்ஸப்பில போட்டு விடுறார், இங்க ஒட்டினால் வேலை செய்யாது, அவர் அங்க சத்தியம் பண்ணுறார் தனக்கு வேலை செய்யுது எண்டு. ரெண்டு பேரும் சொல்லுறது மெய்தான். அங்க தசமத்துக்குக் கொமா, 12,5 எண்டுதான் எழுதுவினம், ஆனபடியால் போர்முலாவுக்குள்ள பிரிக்கக் கொமா பாவிக்கேலாமல் அரைப்புள்ளி பாவிக்கினம். பங்ஷன்ர பேரும் வேற, இங்க சம் எண்டது பிரெஞ்சு எக்செல்ல சொம், ஜெர்மன் எக்செல்ல சுமே, இஃப் எண்டது பிரெஞ்சில சி, ஜெர்மன்ல வென்.

பைலாவே அனுப்பினால் ஒரு பிரச்சினையும் இல்லை, இங்க திறக்கேக்க எக்செல் எல்லாத்தையும் தானே மாத்தும். எழுத்தா அனுப்பினால்தான் சண்டை. ஆனபடியால் மச்சானிட்டச் சொல்லுங்கோ, போர்முலாவை எழுதி அனுப்பாதேங்கோ, பைலை அனுப்புங்கோ எண்டு. (பைலா வந்தாலும் ஒரு இடத்தில தப்பாது, ரெக்ஸ்ற் பங்ஷனுக்குள்ள திகதி எப்பிடிக் காட்டோணும் எண்டு மேற்கோளுக்குள்ள எழுதியிருந்தால் அது மாறாது. பிரெஞ்சில நாளுக்கு ஜே, வருசத்துக்கு ஏ. அதைக் கையாலதான் திருத்தோணும்.)

வாட்ஸப்பில வந்ததில இன்னொரு கள்ளன் மேற்கோள் குறி. சில போன்கள் நேரான குறியை வளைஞ்ச குறியாத் தானே மாத்தும். =இஃப்(சி2>=1000,"கட்டியாச்சு","மிச்சம்") எண்டதில இருக்கிற குறி நாலும் நேரா நிக்கோணும், வளைஞ்சிருந்தால் எக்செல்லுக்கு அது குறியே இல்லை. ஒட்டின பிறகு குறியளை அழிச்சுக் கையால அடியுங்கோ.

8. பாமினி

யாழ்ப்பாணத்தில எந்த ஒஃபிஸ் பழைய பைலைத் திறந்தாலும் பாமினி எழுத்துரு இருக்கும். பாமினியில அம்மா எண்டு கண்ணுக்குத் தெரியிறது உள்ளுக்க எம், கே, அரைப்புள்ளி, கே, எச் எண்ட இங்கிலிஸ் கீயள்தான், எழுத்துருதான் அதுக்குத் தமிழ் வேசம் போட்டிருக்கு. செல்லைக் கிளிக் பண்ணி மேல போர்முலா பாரைப் பாருங்கோ, அங்க வேசம் இல்லை, இங்கிலிஸ் எழுத்துத் தாறுமாறா நிக்கும். ஆனபடியால் நீங்கள் யூனிகோட்டில (போனிலயும் இணையத்திலயும் இப்ப பாவிக்கிற பொதுவான தமிழ் எழுத்து முறையில) அடிச்ச பேரைப் பாமினி லிஸ்ற்றில தேடினால் கிடைக்கவே கிடைக்காது, ரெண்டும் பார்க்க ஒண்டு, உள்ளுக்க வேற. பாமினியில இ எழுத்து கொமாக் கீயில இருக்கு, ஆனபடியால் பாமினிப் பேர் லிஸ்ற்றைக் கொமாவால பிரிச்சுக் கொலமாக்கப் போனால் இ வாற பேரெல்லாம் ரெண்டாப் பிளந்து நிக்கும். முதல் எல்லாத்தையும் யூனிகோட்டுக்கு மாத்துங்கோ, பிறகு போர்முலாவைத் தொடுங்கோ.

யூனிகோட்டிலயும் ஒரு விசயம் கவனிக்கோணும். யாழ்ப்பாணம் எண்டதில எங்களுக்கு 6 எழுத்து, =லென் போட்டுப் பார்த்தால் 11 எண்டு வரும், அரவையும் புள்ளியையும் தனித்தனியா எண்ணுது. பேரின்ர முதல் எழுத்தை எடுக்க =லெஃப்ற்(ஏ2,1) போட்டால் கோபால் க ஆகிடுவார். இனிசலுக்கு ஒரு தனிக் கொலம் வைச்சுக் கையால அடிக்கிறது புத்தி.

9. வீலுக்கப், கடைசியில ஃபோல்ஸ்

அங்கத்தவர் இலக்கத்தை அடிச்சால் பேர் வரப் பண்ணுற வேலைக்கு எல்லாரும் பாவிக்கிறது இது. =வீலுக்கப்(ஏ2,டி:எஃப்,2) எண்டு மூண்டோட நிப்பாட்டினால் அது கிட்டத்தட்டப் பொருந்துறதைத் தேடும், லிஸ்ற் வரிசையில இல்லாட்டி வேற ஆற்றையோ பேரை எடுத்துத் தரும், பிழை எண்டும் சொல்லாது. நாலாவதா ஃபோல்ஸ் போடுங்கோ, இல்லாட்டி 0. அப்ப ஆள் இல்லாட்டி #என்/ஏ எண்டு வரும். பிழையான பேரை விட அது எவ்வளவோ மேல்.

10. விடை மாறாமல் நிக்குது, சதம் இடிக்குது

இலக்கத்தை மாத்தியும் மொத்தம் மாறாட்டி, போர்முலாஸ் பகுதியில கல்குலேஷன் மனுவலில நிக்குதோ பாருங்கோ. நீங்கள் மாத்தியிருக்கத் தேவையில்லை, அண்டைக்கு முதல் திறந்த பைல் ஆரோ மனுவலில வைச்சு அனுப்பினது எண்டால் பிறகு திறக்கிற எல்லாம் அதையே பின்பற்றும். ஓட்டோமற்றிக்குக்கு மாத்துங்கோ, அவசரத்துக்கு எஃப்9.

சதக் கணக்கு: 1000 ஐ மூண்டாப் பிரிச்சால் 333.33 எண்டு காட்டும், உள்ளுக்க 3கள் நீண்டுகொண்டு போகும். கையால கூட்டினால் 999.99, எக்செல் 1,000.00 எண்டுது, வாத்தியார் மாதிரி ஆக்கள் உடன பிடிப்பினம். தசமத்தைக் குறைச்சுக் காட்டுறது ரவுண்ட் பண்ணுறது இல்லை. காசு குடுக்கிற இடத்தில =ரவுண்ட்(பி2/3,2) எண்டு போட்டு, அந்த ஒரு சதத்தை ஆரின்ர தலையில போடுறது எண்டு நீங்களே முடிவெடுங்கோ.

ஒரு வினோதம், =-5^2 எண்டு அடிச்சால் பள்ளிக்கூடத்தில -25, எக்செல்ல 25, கூகிள் சீற்ஸ்லயும் அப்பிடித்தான். முதல் மைனஸை ஒட்டிப்போட்டுப் பிறகு வர்க்கிக்குது. ரியூசன் பிள்ளையளுக்கு மாக்ஸ் விடை எக்செல்ல சரி பார்க்கிற ஆக்கள் அடைப்புப் போடுங்கோ.

11. குடுக்க முதல் பார்க்கிற பார்வை

காசுக் கொலத்தை முழுசாத் தெரியுங்கோ. ஸ்கிரீன்ர அடியில வலப்பக்கம் கவுண்ட், சம் எண்டு காட்டும். அந்தப் பட்டியில ரைற் கிளிக் பண்ணி நியூமெரிக்கல் கவுண்ட் எண்டதையும் ரிக் பண்ணுங்கோ, அது தானா வராது. கவுண்ட் எண்டது வெறுமையில்லாத எல்லாச் செல்லும், நியூமெரிக்கல் கவுண்ட் எண்டது உண்மையான இலக்கம் மட்டும். தலைப்பை விட்டுட்டுத் தெரிஞ்சால் ரெண்டும் ஒண்டா இருக்கோணும். எனக்கு அண்டைக்குக் கவுண்ட் 84 எண்டும் மற்றது 83 எண்டும் காட்டியிருக்கும். பார்த்திருந்தால் கூட்டத்தில முழிச்சுக்கொண்டு நிண்டிருக்கமாட்டன்.

இந்த வருசம் கணக்கு வாசிக்க முதல்நாள், போர்முலா தெரியிற மாதிரி மாத்தி அதையும் ஒரு பிரின்ற் எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டை போனன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரெண்டு கோப்பை தேத்தண்ணி முடியுமட்டும் பார்த்தார். பேந்து பேனையால ஒரு வரியைச் சுத்தி, "இதில சம் பி30ல நிக்குது, சாமான் பி31 மட்டும் கிடக்கு" எண்டார்.